அலமாரியும் பட்டியலும்: பெரிய பல்கலைக்கழக நூலகம் உள்ளே எப்படி நடக்கிறது

கேள்வி: நான் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் இருபது நூலகங்கள் இருக்கின்றன. அடையாள அட்டை ஒன்றுதான், ஆனால் இடத்துக்கு இடம் விதி மாறுகிறது. சில புத்தகங்களைக் கேட்டால் "வெளிக் கிடங்கில் இருக்கிறது, நாளை வரும்" என்கிறார்கள். கணினி "அலமாரியில் உள்ளது" என்று காட்டிய புத்தகம் போய்ப் பார்த்தால் இல்லை. இதையெல்லாம் யார் நடத்துகிறார்கள்? பாதிக்கு மேல் இணையத்துக்கு வந்துவிட்ட பிறகும் இத்தனை ஊழியர்கள் எதற்கு?

பதில்: ஒரு பெரிய பல்கலைக்கழக நூலகத்தில் நூற்பட்டியல் பிரிவில் பல வருடங்களும், அப்புறம் கிடங்குப் பிரிவில் சில வருடங்களும் வேலை பார்த்தேன். நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தக் கடைசிப் புகாரிலிருந்தே தொடங்குகிறேன். கணினி இருக்கிறது என்கிறது, அலமாரியில் இல்லை. லட்சக்கணக்கான புத்தகங்கள் உள்ள இடத்தில் பட்டியல் சொல்வதும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். கொள்முதல், பகுப்பு, கிடங்கு, மென்பொருள் என்று உள்ளே நடக்கும் வேலையில் பெரும்பகுதி இந்தப் பொருத்தத்தை உண்டாக்கவும் காப்பாற்றவும்தான் நடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கும் விடை தானாக வரும்.

முதலில், ஏன் இத்தனை நூலகங்கள்? யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இருபது கட்டுவதில்லை. சட்டத் துறை தன் கட்டடத்தில் தீர்ப்புத் தொகுதிகளைச் சேர்க்க ஆரம்பிக்கும். மருத்துவர்கள் தங்களுக்கு வேண்டிய இதழ்கள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பார்கள். இசைக்கென்று ஒருவர் பணம் கொடுத்துவிட்டுப் போவார், அதை வேறு எதற்கும் செலவழிக்க முடியாது. நூறு வருடம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனிப் பணம், தனிப் பழக்கம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 2009-இல் ஒரு குழு இதை ஆராய்ந்தபோது அங்கே 70-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருந்தன. அதற்குப் பிறகுதான் பொதுவான நிர்வாகத்துக்குள் அவற்றைக் கொண்டுவரும் வேலை தீவிரமானது. ஆக்ஸ்ஃபோர்டில் முதன்மை நூலகமான பாட்லியனும் துறை நூலகங்களும் 2000-இல் ஒரு குடைக்கீழ் வந்தன. ஆனால் அங்குள்ள கல்லூரி நூலகங்கள் இன்றும் அந்தந்தக் கல்லூரிக்கே சொந்தம். பல பல்கலைக்கழகங்களில் சட்ட நூலகர் பல்கலைக்கழக நூலகருக்குக் கீழ் வராமல், நேராகச் சட்டக் கல்லூரித் தலைவருக்குப் பதில் சொல்கிறார். உங்கள் கண்ணுக்கு ஒரே அமைப்பாகத் தெரிவது உள்ளே பல ஒப்பந்தங்களால் சேர்த்துக் கட்டப்பட்டது.

மேலே இருப்பவர் பல்கலைக்கழக நூலகர். பல்கலைக்கழகத்தின் கல்வித் தலைமைக்கு அவர் பொறுப்பு. பேராசிரியர்கள் அடங்கிய ஒரு நூலகக் குழு அவருக்கு ஆலோசனை சொல்லும், சில இடங்களில் கேள்வியும் கேட்கும். அவருக்குக் கீழே துணை நூலகர்கள் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள்: என்ன வாங்குவது என்று ஒருவர், வாங்கியதைப் பதிந்து ஒழுங்குபடுத்த ஒருவர், வாசகர் சேவைக்கு ஒருவர், கணினி அமைப்புகளுக்கு ஒருவர், அரிய நூல்களுக்கும் ஆவணங்களுக்கும் ஒருவர், கட்டடம், பணம், ஆள் எடுப்பதற்கு ஒருவர். பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், வேலை மாறாது. இருபது கிளைகளிலும் வாசகர் மேசை இருக்கும். கொள்முதலும் பட்டியலிடுவதும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கும். அந்த இடம் வாசகர் கண்ணில் படுவதே இல்லை, "இத்தனை பேர் எதற்கு" என்ற சந்தேகமும் அதனால்தான் வருகிறது.

வாங்குவது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாட நூலகர் இருப்பார். அவர் ஒவ்வொரு புத்தகமாகத் தேர்ந்தெடுப்பது குறைவு. எந்தப் பாடம், எந்த மொழி, எந்த நிலை, எந்த விலை வரை என்று விற்பனையாளரிடம் ஒரு வரையறை கொடுத்துவிடுவார், அதற்குள் வருவது தானாக வந்துசேரும். அதில் விடுபட்டதைத்தான் அவர் தேடிப் பிடித்து வாங்குகிறார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 1979-இல் வெளியானது. 1969-இல் அங்கே வாங்கிய புத்தகங்களில் சுமார் 40 சதவீதம் முதல் ஆறு வருடங்களில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று அது காட்டியது. நூலக உலகத்தில் இன்றுவரை இதைச் சொல்லிச் சண்டை நடக்கிறது. மின்னூலை முதலில் பட்டியலில் மட்டும் காட்டி, யாராவது திறந்து படித்தால் பணம் கொடுக்கும் முறை பின்னாளில் பரவியதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஆய்வு நூலகம் இந்த வருட வாசகருக்காக மட்டும் வாங்குவதில்லை. ஆறு வருடம் யாரும் தொடாத ஒரு மாவட்ட வேளாண் அறிக்கையை அறுபதாவது வருடம் ஒருவர் தேடி வருவார், அப்போது அது வேறு எங்குமே இல்லாமல் இருக்கும்.

சரி, புத்தகம் வந்துவிட்டது. இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த வேலை ஆரம்பிக்கிறது.

பெரிய நூலகங்கள் பெரும்பாலும் இன்று தனியாக உட்கார்ந்து எல்லாப் புத்தகங்களையும் பட்டியலிடுவதில்லை. 1960-களின் பின்பாதியில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ரம் என்ற கணினி நிரலர், பட்டியல் அட்டையில் இருக்கும் விவரங்களைக் கணினி புரிந்துகொள்ளும்படி பிரித்து எழுத 'மார்க்' என்ற வடிவத்தை உருவாக்கினார். தலைப்புக்கு ஓர் எண், ஆசிரியருக்கு ஓர் எண், பொருளுக்கு ஓர் எண் என்று போகும். நூலகங்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. ஒஹையோ மாநிலக் கல்லூரிகள் சேர்ந்து 1967-இல் தொடங்கிய ஓசிஎல்சி அமைப்பு, 1971-இல் இந்தப் பதிவுகளை நேரடித் தொடர்பில் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. ஓர் ஊரில் ஒருவர் ஒரு புத்தகத்தைப் பதிந்துவிட்டால் மற்ற நூலகங்கள் அந்தப் பதிவை எடுத்துத் தங்கள் விவரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் மேசைக்கு வந்த புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிவு முன்பே இருந்தது. மீதி நாங்கள் முதன்முதலாகப் பதிய வேண்டியவை: சிறு பதிப்பகங்களின் நூல்கள், உள்ளூர் அமைப்புகளின் அறிக்கைகள், அதிகம் பேர் படிக்கத் தெரியாத மொழிகளில் வந்தவை. மொழி தெரிந்த பட்டியலாளர்கள் ஒரு பெரிய நூலகத்துக்குத் தேவைப்படுவது இதற்காகத்தான். இவர்களைக் குறைத்தால் அந்த மொழிப் புத்தகங்கள் பெட்டியிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். வாங்கியிருப்பார்கள், ஆனால் பட்டியலில் இருக்காது. வாசகரைப் பொறுத்தவரை அப்படி ஒரு புத்தகமே இல்லை.

பதிவதில் கடினம் இரண்டு இடத்தில். ஒன்று, பெயர். ஒரே ஆசிரியர் ஒரு நூலில் முன்னெழுத்தோடு இருப்பார், இன்னொன்றில் ஊர்ப் பெயரோடு, மூன்றாவதில் புனைபெயரில். மூன்றும் ஒருவரே என்று முடிவு செய்து ஒரே பெயரின் கீழ் கட்டிப்போட வேண்டும். இதற்கென்றே பெயர்களுக்கான பொதுக் கோப்புகளை நூலகங்கள் சேர்ந்து பராமரிக்கின்றன. முன்னெழுத்து வழக்கம் உள்ள நமக்கு இதன் அருமை நன்றாகப் புரியும். தமிழ் நூல்களைத் தேடுகிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு: அமெரிக்க நூலகங்களும் அவற்றின் விதியைப் பின்பற்றும் பிற நூலகங்களும் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதுகின்றன. அந்த முறையில் ல, ள, ழ மூன்றுமே 'எல்' எழுத்துத்தான், கீழே புள்ளியோ கோடோ இருப்பதில்தான் வேறுபாடு. ழகரத்துக்கு நாம் வழக்கமாக எழுதும் 'இசட் ஹெச்' போட்டுத் தேடினால் புத்தகம் அங்கேயே இருந்தும் கிடைக்காது. 'எல்' போட்டுத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது கடினம், இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு துறைமுக நகரத்தில் பிளேக் பரவியதைப் பற்றி ஒரு நூல் வருகிறது. அது மருத்துவமா, வரலாறா, நகர நிர்வாகமா? பாடவாரியாக எண் கொடுக்கும் முறைகளில் டியூவி பகுப்பானாலும் காங்கிரஸ் நூலகப் பகுப்பானாலும் ஒரு பிரதிக்கு ஒரே எண்தான் கொடுக்க முடியும். அந்த எண் அலமாரியைத் தீர்மானிக்கிறது. கிளைகள் உள்ள பல்கலைக்கழகத்தில் கட்டடத்தையே தீர்மானிக்கலாம். மருத்துவ நூலகத்துக்குப் போனால் வரலாற்று மாணவர் தற்செயலாக அதைக் கண்டெடுக்கும் வாய்ப்பு போய்விடும். அதனால்தான் நூல் எதைப் பற்றியது என்று பட்டியலில் சொல்லும் பொருள் தலைப்புகளை மட்டும் இரண்டு மூன்று கொடுத்துவிடுவோம். அலமாரியில் ஓர் இடம், பட்டியலில் பல வாசல்கள்.

அதன் பிறகு பிரதிக்கென்று ஒரு சிறு பதிவு உண்டாகும்: பார்கோடு, எந்தக் கட்டடம், எந்த வகை, இரவல் உண்டா இல்லையா. இடத்துக்கு இடம் விதி மாறுகிறது என்றீர்களே, அதன் வேர் இந்தச் சிறு பதிவில் இருக்கிறது. இரவல் விதியை மென்பொருள் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறது: எந்த இடம், என்ன வகைப் பொருள், யார் கேட்கிறார்கள். 20 இடங்கள், 15 பொருள் வகைகள், 10 வாசகர் வகைகள் என்று வைத்துக்கொண்டால் 3,000 சேர்க்கைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் எங்கோ எப்போதோ ஒருவர் விடை எழுதி வைத்திருக்கிறார், பலவற்றுக்குக் காரணம் கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. இவற்றைக் குறைத்து ஒழுங்குபடுத்துவது நிர்வாகத்தின் மிகச் சோர்வான வேலைகளில் ஒன்று. அதே சமயம் வாசகருக்கு உடனே பலன் தெரியும் வேலையும் அதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களும் 2021 ஜூலையில் ஒரே நூலக மென்பொருளுக்கு மாறின. அப்படி மாறும்போது மென்பொருளைவிட, நூறு வருடப் பழக்கங்களை ஒன்றோடொன்று பொருத்துவதில்தான் வருடங்கள் கழிகின்றன.

இனி வெளிக் கிடங்கு. ஹார்வர்டின் வைடனர் நூலகம் 1915-இல் திறந்தபோது அதை நிரப்பவே முடியாது என்று யாருக்கும் தோன்றியிருக்கலாம். இன்று அங்கே சுமார் 92 கிலோமீட்டர் நீள அலமாரிகள், 30 லட்சம் நூல்கள். நகரத்தின் நடுவில் கட்டடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது. 1986-இல் ஹார்வர்ட் நகருக்கு வெளியே ஒரு கிடங்கு அமைத்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு 2010 முதல் ஸ்விண்டன் அருகே ஒன்று இருக்கிறது, அதன் அலமாரிகளை நீட்டி வைத்தால் சுமார் 245 கிலோமீட்டர் வரும்.

இந்தக் கிடங்குகளுக்குள் முதன்முறையாகப் போகும் நூலகர் திகைத்துப்போவார். பாடவாரியாக எதுவும் இருக்காது. வேதியியலுக்குப் பக்கத்தில் நாடகம், அதற்குப் பக்கத்தில் பழைய புள்ளிவிவரத் தொகுதி. எல்லாம் உயரமும் அகலமும் பார்த்து அடுக்கியவை. ஒரே அளவுப் புத்தகங்களை ஒரு தட்டில் நெருக்கி வைத்து, கூரை வரை தட்டுகளை ஏற்றினால், சாதாரண அலமாரியில் வைப்பதைவிடப் பல மடங்கு கொள்ளும். புத்தகத்துக்கு ஒரு பார்கோடு, தட்டுக்கு ஒரு பார்கோடு, அலமாரிக்கு ஒரு பார்கோடு. மூன்றும் கணினியில் இணைந்திருக்கும். ஆள் நுழையாத, குளிர்ச்சியும் வறட்சியுமாக வைத்த கூடம் என்பதால் காகிதமும் நீண்ட நாள் தாங்கும். சிகாகோ பல்கலைக்கழகம் இன்னொரு வழியில் போனது. 2011-இல் திறந்த மன்சுவெட்டோ நூலகத்தில் 35 லட்சம் தொகுதிகளுக்கான கிடங்கை வாசிப்புக் கூடத்துக்கு நேர் கீழே நிலத்தடியில் அமைத்தார்கள். இயந்திரக் கைகள் பெட்டியை எடுத்து வர, புத்தகம் சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். செலவு அதிகம், ஆனால் "நாளை வரும்" என்ற பேச்சு இல்லை.

அலமாரிகளுக்கு இடையே நடந்து, தேடாத புத்தகத்தைக் கண்டெடுக்கும் சுகம் கிடங்கில் இல்லை என்று பேராசிரியர்கள் வருத்தப்படுவார்கள். அது நியாயமான வருத்தம், ஈடுசெய்ய முடியாத இழப்பும்கூட. ஆகவே எதைக் கிடங்குக்கு அனுப்புவது என்பதைத் துறையோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எத்தனை வருடமாக இரவல் போகவில்லை என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்து அனுப்பினால், நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கப்படும் புத்தகங்கள் எல்லாம் போய்விடும், ஏனென்றால் அந்த வாசிப்பு எந்தக் கணக்கிலும் வராது. கிடங்கு வேலையில் எனக்குத் தூக்கம் போனது வேறொரு காரணத்தால். திறந்த அலமாரியில் ஒரு புத்தகம் நான்கு இடம் தள்ளி இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும், பாடம் ஒன்றாக இருப்பதால். அளவுவாரியான கிடங்கில் தவறான தட்டில் போன புத்தகம் போனதுதான். பல லட்சம் தொகுதிகளுக்கு நடுவே அதைத் தேட ஒரு வழியும் கிடையாது. அதனால்தான் உள்ளே வைக்கும்போது ஒருவர் ஸ்கேன் செய்ததை இன்னொருவர் திரும்ப ஸ்கேன் செய்து சரிபார்க்கிறார்.

"எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே" என்ற கேள்விக்கு வருகிறேன். வந்தது உண்மை. அதனால் வேலை குறையவில்லை, வேறு மாதிரி ஆனது. நீங்கள் வீட்டிலிருந்து ஓர் இதழ்க் கட்டுரையைச் சொடுக்கித் திறக்கும்போது, அது இலவசம் என்று தோன்றும். உங்கள் பல்கலைக்கழகம் அந்த இதழுக்குச் சந்தா கட்டியிருக்கிறது, ஓர் இடைச் சேவையகம் நீங்கள் அதன் மாணவர் என்று பதிப்பகத்திடம் உறுதி சொல்கிறது, இன்னொரு மென்பொருள் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை நமக்கு உரிமை உண்டு என்று பார்த்து வழிவிடுகிறது. பதிப்பகம் கைமாறினால் முகவரி மாறும். சந்தா நின்றால் பழைய இதழ்களுக்கான உரிமை இருக்குமா, போகுமா என்பது ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருக்கும். மின்வளப் பிரிவில் இருப்பவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது இதைத்தான். இதுவும் பட்டியலையும் அலமாரியையும் பொருத்தும் வேலையே, அலமாரி மட்டும் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது.

பணமும் இங்கேதான் போகிறது. 2012-இல் ஹார்வர்டின் பேராசிரியர் ஆலோசனைக் குழு, சில பெரிய பதிப்பகங்களின் இதழ்களுக்கு மட்டும் வருடத்துக்கு ஏறத்தாழ 37.5 லட்சம் டாலர் செலவாகிறது, இது இனித் தாங்காது என்று வெளிப்படையாக எழுதியது. அவ்வளவு வசதியுள்ள இடமே அப்படிச் சொன்னது பலரை உலுக்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019-இல், ஆய்வு இதழ்களை வெளியிடும் எல்சவியர் பதிப்பகத்தோடு சந்தா பற்றிய பேச்சை முறித்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து, தங்கள் ஆய்வாளர்களின் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற ஏற்பாட்டோடு 2021-இல் ஒப்பந்தம் போட்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் கட்டுரைகளை வேறு நூலகங்களிடமிருந்து வரவழைத்துக் கொடுத்தது இரவல் பிரிவு ஊழியர்கள்தான். ஒரு நூலகத் தலைவர் பேச்சு மேசையிலிருந்து எழுந்துவர வேண்டுமானால், பின்னால் அந்த ஊழியர்கள் இருக்க வேண்டும்.

அச்சுப் பிரதியின் பதிவு எவ்வளவு முக்கியம் என்பது 2020-இல் எதிர்பாராத விதமாகத் தெரிந்தது. நோய்த்தொற்றால் கட்டடங்கள் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2008-இல் தொடங்கிய ஹாத்திடிரஸ்ட் என்ற மின்னூல் களஞ்சியம், பதிப்புரிமை உள்ள நூல்களின் மின்பிரதிகளைத் தற்காலிகமாகப் படிக்கக் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: உங்கள் நூலகத்தில் அந்த நூலின் அச்சுப் பிரதி இருக்க வேண்டும், எத்தனை பிரதியோ அத்தனை பேர்தான் ஒரே நேரத்தில் படிக்கலாம். எந்த நூலகத்தில் பட்டியல் சுத்தமாக இருந்ததோ அதன் மாணவர்களுக்குப் புத்தகம் கிடைத்தது. பெட்டியில் பதியாமல் கிடந்தவை கணக்கில் வரவில்லை. பட்டியல் பிரிவுக்கு ஆள் எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பேச எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்ததில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்வர்டில் 1764-இல் ஒரு தீ விபத்தில் நூலகம் எரிந்தது. அன்று இரவலில் வெளியே இருந்த புத்தகங்கள் தப்பின. பல இடங்களில் பிரதி இருந்தால்தான் பிழைக்கும் என்ற அந்த எண்ணம் இன்று மின்னிதழ்களுக்கும் வந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய 'லாக்ஸ்' என்ற அமைப்பில் ஒரே இதழின் பிரதிகளைப் பல நூலகங்கள் தங்கள் கணினியில் வைத்து, ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பழுது பார்த்துக்கொள்கின்றன. அச்சுப் புத்தகங்களில் தண்ணீர்தான் பெரிய எதிரி. நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குள் உலர்த்த முடியாது என்றால் உறைய வைத்துவிட வேண்டும். எந்தக் குளிர்பதனக் கிடங்கைக் கூப்பிடுவது என்று நல்ல நூலகத்தில் முன்பே எழுதி வைத்திருப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் தேடிப் போய்க் கிடைக்காத அந்தப் புத்தகம். இன்னொருவர் மேசையில் வாசிப்பில் இருக்கலாம், திரும்பி வந்து இன்னும் அடுக்கப்படாத வண்டியில் இருக்கலாம், பைண்டிங்குக்குப் போயிருக்கலாம், எண் தவறிப் பக்கத்து வரிசையில் இருக்கலாம். வரிசை எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய் இடம் மாறியவற்றைத் திருத்தும் வேலைக்கு எங்களிடம் மாணவ ஊழியர்கள் இருந்தார்கள். ஒரு தளத்தை முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். ஆகவே பெரும்பாலான தவறுகள் வாசகர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தன. இல்லை என்று பார்த்ததும் திரும்பிப் போய்விடாமல் மேசையில் சொல்லுங்கள், அல்லது பட்டியல் பக்கத்திலேயே புகார் செய்யும் இணைப்பு இருந்தால் அதை அழுத்துங்கள். அன்றே தேடுவார்கள். கிடைக்காவிட்டால் சில வார இடைவெளிவிட்டு மறுபடி தேடுவார்கள், அப்புறம்தான் தொலைந்தது என்று பதிவை மாற்றி, வேறு பிரதி வாங்கலாமா, பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைக்கலாமா என்று முடிவு செய்வார்கள். நீங்கள் சொல்லாமல் போனால் கணினி நாளைக்கும் "அலமாரியில் உள்ளது" என்றே காட்டும், அடுத்தவரும் மூன்று மாடி ஏறிப் போய்ப் பார்ப்பார்.